வேலியோரச் சூடு

இரவு இரண்டு மணிக்குக் கடலில் காற்று எழுகிறது.
வாங்க ஆளில்லாத மின்சாரம்
விலை பூஜ்யத்துக்குக் கீழே சரிய,
என் திரையில் ஒரு பச்சைச் சதுரம்:
அமுக்கு.

நான் கெஸ்கே. வேசர் ஆற்றுக்கு மேற்கே
ஈரப் புல்வெளி நடுவில்
பதினாறு வருடமாக இரவு ஷிப்ட்.
காற்றை அடைப்பதுதான் வேலை.
சிரிக்காதீர்கள், சம்பளம் வருகிறது.

காலடியில் அறுநூற்றைம்பது மீட்டர் கீழே
உப்புப் பாறைக்குள் ஒரு குகை.
தண்ணீர் பாய்ச்சி, உப்பைக் கரைத்து
வெளியே இறைத்தபின் மிஞ்சிய இருட்டு.
ஒரு தேவாலயம் கோபுரத்தோடு நிமிர்ந்து நிற்கலாம்.
யாரும் பார்த்ததில்லை.
எதிரொலியை வைத்து வரைந்த படம்
சுவரில் தொங்குகிறது,
பழுத்த பேரிக்காய் மாதிரி.

கம்ப்ரசர் மூச்சை இழுக்கிறது.
வரிசை வரிசையாய்ச் சுழலும் இறக்கைகள்
ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் குறுகிய அறையைக் காட்டி
உள்ளே நகரு, உள்ளே நகரு என்கிறது.
நெருக்கினால் சூடேறத்தான் செய்யும்:
பஸ்ஸில் கூட்டம், ஒரே சமையலறையில் இரண்டு பேர்.
இருநூறு டிகிரியில் வெளியே வருகிறது காற்று.
அப்படியே உப்புக்குள் விட முடியாது.
குழாய்த் தண்ணீர் அந்தச் சூட்டைச் சுமந்துபோய்
வேலியோரக் கோபுரத்தில் ஆவியாய்க் கொட்டுகிறது.

காலை ஏழு மணிக்கு
ஊரே கெட்டிலைத் தட்டிவிடும்போது
அடைத்ததைத் திறக்கிறோம்.
விரியும் காற்று குளிரும், டர்பைன் உறைந்துபோகும்.
எனவே எரிவாயுவைக் கொளுத்துகிறோம்.
இரவில் சும்மா கொட்டிய சூட்டை
காலையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.
நூறு போனால் நாற்பத்திரண்டு திரும்பும்.
பதினாறு வருடம் இந்தக் கணக்கின் கீழே
கையெழுத்துப் போட்டவள் நான்.

மார்ச்சில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம்.
ஆஹன் நகரிலிருந்து முனைவர் ஃபால்காம்ப் வந்திருந்தார்.
இனி சூட்டை எறிய வேண்டாம், என்றார்.
கருங்கல் ஜல்லி நிரப்பிய ஒரு கோபுரம்.
இரவில் கல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்,
காலையில் அதே காற்றிடம் திருப்பித் தரும்.
நாற்பத்திரண்டு அறுபத்தெட்டாகும்.
திரையில் சுழற்சியை வரைந்தார்:
போன வழியே ஏறத்தாழத் திரும்பிவரும் கோடு.
அந்த 'ஏறத்தாழ' வந்த இடத்தில்
குரல் கொஞ்சம் தாழ்ந்தது.
எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

தேநீர் வந்தது.
எங்கள் பக்கம் கோப்பையில் முதலில் கற்கண்டு,
அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீர்.
கூடமெங்கும் கற்கண்டு விரிசலிடும் சத்தம்.
அதற்குள் எழுந்தார் எய்லெர்ட் ஓமென்,
எங்கள் வேலியை ஒட்டி ஆடு மேய்ப்பவர்.

"நீங்கள் கொட்டும் சூட்டில்தான்
என் குட்டிகள் படுக்கின்றன.
பிப்ரவரியில் அந்த வேலியோரம் மட்டும் மண் உறைவதில்லை.
ஈன்ற ஆடு தானாக அங்கே நடக்கும்.
இந்தப் படத்தில் அவை எங்கே?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
ஃபால்காம்ப் திரையருகே போய்
நிஜமாகவே தேடினார்.
வெளியே பாயும் ஒரு சிவப்பு அம்பு,
பக்கத்தில் 'இழப்பு'.
அம்பு நுனிக்கு அப்பால் திரை வெறும் வெள்ளை.

"எவ்வளவு வேண்டும்?"
"முப்பது ஆடு படுக்கும் அளவு."
கால்குலேட்டரைத் தட்டினார். "அரை சதவீதம்."
"கால் போதும்," என்றார் ஓமென்,
"காற்று வரும் பக்கம் தகரம் அடித்துத் தந்தால்."

கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு.
எந்தத் தலைப்பில் சேர்ப்பதென்று தெரியவில்லை.
இழப்பு என்று எழுதி, அடித்துவிட்டு,
'பிற' என்று எழுதினேன்.

கல்கோபுரம் எழும்ப இன்னும் இரண்டு வருடம்.
நேற்று இரவு ஆறாம் கேமராவில் பார்த்தேன்:
புல்வெளி நடுவில் படுத்திருந்த ஆடுகள்
ஒவ்வொன்றாய் எழுந்து, குட்டிகளை முட்டி எழுப்பி
வேலியை நோக்கி நடந்தன.
கோபுரம் அப்போது குளிர்ந்துதான் கிடந்தது.
மேற்கிலிருந்து காற்று மட்டும் வலுத்திருந்தது.

நாற்பது விநாடி கழித்து
என் திரையில் வந்தது
பச்சைச் சதுரம்.